நான்கு பேர் பயன்படுத்தும் ஒரே கணினி: எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மேசைக் கணினிதான் இருக்கிறது. அப்பா தம்மிடமுள்ள பழைய ஒலிநாடாக்களை அதில் எம்பி3 கோப்புகளாக மாற்றுகிறார். அம்மா எம்பிராய்டரி இயந்திரத்துக்கான டிசைன்களைத் தரவிறக்குகிறார். மகன் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். வங்கிக் கணக்கை நானும் அதிலேயே பார்க்கிறேன். ஒவ்வொருவரின் ஆர்வத்தோடும் எந்த வகை ஆபத்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், யாரையும் தடுக்காமலே கணினியைக் காக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

ஒரு மாலை, திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாக ஓர் எச்சரிக்கை தொலைபேசி எண்ணுடன் திரும்பத் திரும்பத் தோன்றியது. அப்பா அந்த எண்ணை அழைக்கக் கைப்பேசியை எடுத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்கள் அப்பா" என்று சொல்லிவிட்டு உற்றுப் பார்த்தபோது, எச்சரிக்கையின் அடியில் குரோம் உலாவியின் பெயரும் முன்பின் அறியாத ஒரு தள முகவரியும் சிறிய எழுத்தில் இருந்தன. பாடல் வரிகளைத் தேடி அவர் சென்ற தளம், ரோபோ அல்ல என்று காட்ட 'அனுமதி' பொத்தானை அழுத்தும்படி கேட்டிருக்கிறது. அதை அழுத்தியதும் அறிவிப்புகளை அனுப்பும் உரிமை அந்தத் தளத்துக்குக் கிடைத்துவிட்டது. கணினிக்குள் வைரஸ் எதுவும் இல்லை. குரோமின் தள அமைப்புகளில் 'அறிவிப்புகள்' பகுதிக்குச் சென்று அந்த முகவரியை நீக்கியவுடன் தொல்லை நின்றது. இனி எந்தத் தளமும் அவ்வாறு கேட்க முடியாதபடி அங்கேயே மாற்றியும் வைத்தேன். இத்தகைய எண்களை அழைப்பவர்களிடம் மோசடிக்காரர்கள், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் செயலியை நிறுவச் சொல்லி, அதன் வழியே வங்கிக் கணக்கு வரை வந்துவிடுகிறார்கள். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைக் கணினியின் அருகிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அம்மாவுக்கு நேர்ந்தது வேறு வகை. இலவச ரோஜா டிசைன் என்று வந்த ஜிப் கோப்புக்குள் எம்பிராய்டரி டிசைன் கோப்பு வகையான 'டிஎஸ்டி' என்று முடிவதுபோலத் தோன்றும் பெயருடன் ஒரு கோப்பு இருந்தது. உண்மையில் அதன் கடைசி ஒட்டு 'இஎக்ஸ்இ', அதாவது இயங்கும் நிரல். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வகையைக் காட்டும் அந்த ஒட்டை மறைத்துவிடுவதால்தான் இந்த ஏமாற்று பலிக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் அதைத் தெரியும்படி நான் முன்பே அமைத்திருந்ததால், அம்மாவே கண்டுபிடித்துவிட்டார். எம்பிராய்டரி டிசைன் என்பது ஊசி எங்கே இறங்க வேண்டும், நூலை எப்போது மாற்ற வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே. அது ஒருபோதும் நிரலாக வரத் தேவையில்லை. அம்மா இப்போது தம் தோழிகளுக்கும் இதை விளக்குகிறார். அதில் எனக்கு மிகுந்த பெருமை.

மகனுடைய விளையாட்டில்தான் எனக்குக் கவலை அதிகம். 2023 ஜூனில், பலரும் நம்பிப் பயன்படுத்தும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்த சில மைன்கிராஃப்ட் 'மாட்'களிலேயே (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்கள்) ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் புகுந்து, உலாவியில் சேமித்திருந்த உள்நுழைவுத் தகவல்களைத் திருடியது. ஆகவே நல்ல தளம் என்பது மட்டும் போதாது. எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு உண்டு. அவை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்குகள். நிர்வாகியின் கடவுச்சொல் என்னிடமும் என் மனைவியிடமும் இருக்கிறது. மகனின் கணக்கில் என் வங்கிக் கடவுச்சொல் எங்கும் சேமிக்கப்படவில்லை என்பதே இதில் எனக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி.

ஆனால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் சாதாரணக் கணக்கில் இயங்கினால்கூட அந்தக் கணக்குக்கு உரியவரின் கோப்புகளைப் பூட்டிவிடும். அப்பாவின் நாடாக்களில் சில ஏற்கெனவே பூஞ்சை பிடித்துவிட்டன. அவற்றிலிருந்து எடுத்த பதிவுகள் அழிந்தால் மீண்டும் கிடைக்காது. அதனால் அவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்கிறோம். செருகியே இருந்தால் அதையும் தீநிரல் பூட்டிவிடும் என்பதால், நகலெடுத்து முடிந்ததும் அப்பா அதைக் கழற்றித் தம் அலமாரியில் வைத்துவிடுகிறார்.