பீப்ஸா, பென்னா? இங்கிலாந்து கடற்படையின் சாப்பாட்டுக் கணக்கு

கணக்கப்பிள்ளை: "இங்கிலாந்து கடற்படையின் உணவுக் கணக்கை மேற்பார்த்த முதல் அதிகாரி சாமுவேல் பீப்ஸ்" என்று ஒருவர் எழுத, ஆளாளுக்கு ஆகா ஓகோ. கடற்படை அலுவலகத்தில் இருந்துகொண்டு டைரி எழுதினார் என்பதற்காக ஊர்ப் பெருமையெல்லாம் அவருக்கேவா? உணவுக் கணக்குக்கென்றே கம்ப்ட்ரோலர், அதாவது கணக்குத் தணிக்கை அதிகாரி, பதவி வந்தது 1667இல். முதலில் உட்கார்ந்தவர் அட்மிரல் சர் வில்லியம் பென்.

வங்கக்கடல்: அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1665 கடைசியிலேயே பீப்ஸ் உணவு வழங்கலுக்கு சர்வேயர் ஜெனரல், அதாவது மேற்பார்வை அதிகாரி. சம்பளம் வருடம் 300 பவுண்டு. 1665 முந்தியா, 1667 முந்தியா? எண்ணத் தெரியும்தானே?

கணக்கப்பிள்ளை: தெரியும், அதனால்தான் 1667 என்கிறேன். பீப்ஸ் பார்த்தது பீரும் பிஸ்கட்டும் கப்பலுக்குப் போய்ச் சேருகிறதா என்பதை. கடற்படைக்குச் சாப்பாடு சப்ளை செய்த காண்ட்ராக்டர் டெனிஸ் காடனின் கணக்கைத் தணிக்கை செய்தது பென். 1667.

பாய்மரம்: பென் பெரிய உத்தமர் பாருங்கள்! 1669இல் அதே காடனோடு கூட்டு சேர்ந்து காண்ட்ராக்டில் இறங்கினார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

கணக்கப்பிள்ளை: பதவியை விட்டுவிட்டுத்தான் சேர்ந்தார். அந்த இடத்துக்கு ஜெரமி ஸ்மித் வந்தார். ஆளா முக்கியம், பதவிதானே? அது 1796 வரை ஓடியது. தொடங்கியது 1667, மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

வங்கக்கடல்: ஓடி என்ன கிழித்தது? 1797இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கப்பல் துறையில் மாலுமிகள் கலகம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று, ஒரு பவுண்டு எடைக்கு முழுசாக 16 அவுன்ஸ் போடு என்பது. கப்பலில் சாப்பாடு அளந்து கொடுக்கும் பர்சர் 14தான் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கப்பிள்ளை: அந்த 2 அவுன்ஸ் திருட்டு இல்லை ஐயா, சேதாரம். சிந்துவது, அழுகுவதற்கெல்லாம் விதிப்படி விட்ட கழிவு. விதியைப் படிக்காமல் வந்தால் இப்படித்தான்.

பாய்மரம்: எங்கள் தெரு ரேஷன் கடைக்காரரும் இதையே சொல்கிறார், அவரும் 1667ஆ?

மொட்டைமாடி: குறுக்கே வருகிறேன், இந்தப் பென்னின் மகன் பெயர்தானே பென்சில்வேனியா?

கணக்கப்பிள்ளை: மகன் பெயர் இல்லை, அப்பா பெயர். அப்பாவுக்கு அரசர் பாக்கி வைத்த 16,000 பவுண்டுக்கு ஈடாக 1681இல் மகனுக்கு எழுதிக் கொடுத்த நிலம். அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

மொட்டைமாடி: கேள்வி கேட்டதே குற்றமா? போன வாரம் டச்சுப் போர் பேச்சிலும் இப்படித்தான் ஒரு பையனை விரட்டிவிட்டீர்கள்.

கணக்கப்பிள்ளை: அந்தப் பையன் டச்சுக்காரர்கள் தேம்ஸில் ஏறி லண்டனையே பிடித்ததாக எழுதினான். அவர்கள் புகுந்து தாக்கிய மெட்வே ஆறு எங்கே, லண்டன் எங்கே? அதையும் இங்கேயே பேசிவிடலாம், வரச் சொல்லுங்கள் அவனை.