ஹெட் கேஸ்கெட்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தருமபுரி, தொழிற்பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் மாணவர்களுக்காக எஞ்சின் பிரித்துக் கட்டும் பாடத்தைத் தமிழில் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. "பழைய ஹெட் கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது" என்ற வரியில் வந்து நிற்கிறேன். எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே, கசியாமல் இருக்க வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

சென்ற ஆண்டுக் குறிப்பில் அதைத் 'தலை அடைப்பான்' என்று எழுதியிருந்தேன். அதே பக்கத்தில் "பாகங்களைத் துடைத்துப் பொருத்துக" என்ற பொது வரியும் இருந்தது. ஒரு மாணவர் பழையதையே மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டு ஹெட்டைப் பூட்டிவிட்டார். ஓட்டிப் பார்த்தால் ரேடியேட்டரில் குமிழி குமிழியாகக் கிளம்புகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே ஆயிலும் தண்ணீரும் கலந்து மோர் போல. "அடைப்பைச் சுத்தம் பண்ணித்தான் மேடம் போட்டேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடைப்பு என்றால் நீக்க வேண்டியது என்றுதானே யாருக்கும் தோன்றும்? போதாததற்கு, மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடைப்பான் என்றால் மாட்டு நோய்.

ஒரு முறைக்கு மேல் ஆகாது என்பது பெயரிலேயே தெரியும்படி ஒரு சொல் கிடைக்குமா?

கிருஷ்ணகிரி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: சும்மாடு. தலைக்கும் சுமைக்கும் நடுவே வைப்பது. மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் குடம் ஆடாமல் நிற்கிறது. சுமையடை என்பதே சும்மாடு ஆனது என்பது என் துணிபு. சுமை, சுவல், சும என்று அந்தக் குடும்பம் பெரியது. சுவல் என்றால் பிடரி, தோள், சுமை ஏறும் இடம். கன்னடத்தில் சிம்பி என்கிறார்கள். நம் ஊர்க் கிழவிகள் சிம்மாடு என்பதற்கும் அதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

உதிரிபாகம் பற்றிய பேச்சு என்பதால் இன்னொன்று. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் எதற்கு ஒப்பிட்டார்? சேம அச்சுக்கு. உப்பு வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று, உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டி வைப்பார்களாம் (புறநானூறு 102). இன்று தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரிக்காரர் ஸ்டெப்னி வைத்திருப்பது அதே அறிவுதான். 'ஸ்பேர்' என்பதற்குச் 'சேமம்' இருக்க, உதிரி என்று ஏன் சொல்கிறோம்?

பாலக்கோடு, பட்டறை வைத்திருப்பவர்:

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன், நிறைவாக இருந்தது. ஆனால் எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் பேக்கிங். "ஹெட் பேக்கிங் போச்சு" என்றால் கடையில் இருக்கும் பையன் முதல் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எழுதுகிறவர்கள் ஒருமுறை பட்டறைக்கு வந்து சொல்லிப் பார்க்க வேண்டும்.

மறுபடி போடலாமா என்பதற்கு வருகிறேன். கிராஃபைட் வகை, பழைய ஆஸ்பெஸ்டாஸ் வகை இரண்டும் போல்ட்டை டைட் செய்யும்போது நசுங்கி, அந்த ஹெட்டுக்கும் அந்த பிளாக்குக்கும் அச்சுப் பதிந்ததுபோல் ஆகிவிடும். ஒருமுறை நசுங்கியது திரும்ப எழாது. கழற்றிப் போட்டால் பழைய தடம் புது இடத்தில் உட்காராது. முன்பெல்லாம் சில்வர் பெயின்ட் அடித்து மறுபடி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன். வண்டி ஊர் போய்ச் சேரும், அடுத்த மாதம் திரும்பி வரும்.

முழுச் செப்புத் தகடு மட்டும் வேறு. அதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் மறுபடி இளகி மென்மையாகிவிடும். இரும்பு இறுகும், செம்பு இளகும். கிழிசலோ பள்ளமோ இல்லையென்றால் அதைத் திரும்பப் போடலாம். ஆகவே "ஒரு முறைதான்" என்று பெயரிலேயே வைத்துவிட்டால் செம்புக்கு அது பொய்யாகிவிடும், மேடம்.

ஓசூர், வாகன ஆலைப் பொறியாளர்:

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் பல அடுக்கு எஃகுத் தகடு. எஃகுதானே, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதன் மேல் மெல்லிய ரப்பர்ப் பூச்சு உண்டு, ஓரத்தில் எழும்பிய வரம்பு உண்டு. பூச்சு உரிந்து ஹெட்டோடு வந்துவிடும், வரம்பு தட்டையாகிவிடும். அதையும் மாற்றத்தான் வேண்டும். கூடவே, இழுபட்டு நீளும்படி முறுக்குகிற வகை ஹெட் போல்ட் என்றால் அதுவும் புதிது. புதிய தகடு போட்டாலும் ஹெட் வளைந்திருந்தால் பயனில்லை. நேர்விளிம்புக் கோலை ஹெட்டின் மேல் வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.1 மி.மீ. வளைவே பல எஞ்சின்களுக்கு அதிகம். பாடத்தில் இதையும் சேருங்கள் அம்மா.

ஐயா, சும்மாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. சும்மாடு தலைக்கு மேலே இருப்பது, இது தலைக்குக் கீழே. அதைவிட முக்கியம், சும்மாடு சுமை தாங்கும், கசிவைத் தடுக்காது. டீசல் எஞ்சினில் 100 பாரைத் தாண்டும் அழுத்தத்தில் எரியும் வாயு ஒரு துளையில், பக்கத்துத் துளைகளில் தண்ணீரும் ஆயிலும். மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பதே இதன் வேலை. அப்புறம், சும்மாட்டை அவிழ்த்து உதறி மறுநாளும் சுற்றலாம். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். கசிவுத்தடைத் தகடு என்பது என் முன்மொழிவு.

கிருஷ்ணகிரி:

தலைக்குக் கீழே என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பிரிமணை. பானைக்கு அடியில் வைக்கும் வைக்கோற்புரி. புரி + மணை, புரிமணை, பிரிமணை. கேஸ்கெட் என்பதும் ஆங்கிலத்தில் முதலில் கயிறுதான். கப்பலில் சுருட்டிய பாயைக் கட்டும் கயிறு, பிறகு நீராவி எஞ்சினில் திணித்த சணற்புரி, பிறகுதான் தகடு. அவர்கள் கயிற்றைத் தகடாக்கலாம், நாம் வைக்கோற்புரியைத் தகடாக்கக் கூடாதா? கசிவுத்தடைத் தகடு என்பது விளக்கம் தம்பி, பெயர் அன்று. பத்தெழுத்தைப் பட்டறையில் யார் சொல்வார்கள்?

கேஸ்கெட்டே இருக்கட்டும் என்போர்க்கும் ஒன்று. வடசொல் வடவெழுத்து ஒரீஇ (அதாவது வடவெழுத்தை விட்டுவிட்டு) வரட்டும் என்றார் தொல்காப்பியர். அந்த வழியில் ஸகரத்தை விட்டுக் 'கேசுகெட்டு' என்று எழுதுங்கள். பாதிவழியில் நிற்காதீர்கள்.

பென்னாகரம், சித்த மருத்துவர் வீட்டிலிருந்து:

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. அப்பா புடம் போடும்போது, அதாவது மருந்துச் சரக்கை அடைத்து நெருப்பில் வேகவைக்கும்போது, இரண்டு அகல்களைக் கவிழ்த்து மூடி, சேரும் விளிம்பைச் சுற்றி மண் தோய்த்த துணியை அடுக்கடுக்காகச் சுற்றிக் காய வைப்பார். அதற்குச் சீலைமண் என்று பெயர். உள்ளிருக்கும் சரக்கின் ஆவி வெளியே போகக் கூடாது, நெருப்பும் உள்ளே புகக் கூடாது. புடம் ஆறியதும் அதை உடைத்துத்தான் அகலைத் திறக்க முடியும். அடுத்த புடத்துக்குப் புதிய துணி, புதிய மண். நீங்கள் தேடுவது இதுதானோ என்று தோன்றியது.

ஓசூர்:

அம்மா, இது கச்சிதம். சூடு, ஆவி, இரண்டு விளிம்பு, ஒரே முறை, எல்லாம் பொருந்துகிறது. மூட்டுச்சீலை என்று சொல்லலாமா?

பாலக்கோடு:

பொருள் அருமை. சொல்தான் இடிக்கிறது. சீலை என்றால் எங்கள் ஊரில் புடவை. "ஹெட்டுச் சீலை மாத்தணும்" என்று நான் சொன்னால் வண்டிக்காரர் வேறு பட்டறை பார்ப்பார்.

கிருஷ்ணகிரி:

புடவையும் துணிதானே? துணியில் தொடங்கிய சொல் தொழிலுக்குள் வருவதில் என்ன இழுக்கு? ஆனாலும் சீலையைக் கேட்டதும் 'சீல்' என்பதன் எழுத்துப்பெயர்ப்பு என்றுதான் மாணவர் நினைப்பார். அந்த ஐயம் தீரும்வரை என் வாக்கு பிரிமணைக்கே.

தருமபுரி:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் கேஸ்கெட் என்றே விடலாம் என்பவர்கள்தான் அதிகம். எனக்கு முழு மனதில்லை, ஆனாலும் அச்சுக்கு அப்படியே அனுப்புகிறேன். வரி இப்படி இருக்கும்: "ஹெட்டைக் கழற்றினால் ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுக. புடத்துக்குச் சுற்றும் சீலைமண்போல அது ஒருமுறைக்கே உரியது. முழுச் செப்புத் தகடாக இருந்தால் மட்டும், காய்ச்சி இளக்கியபின், ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் போடுக." பட்டறை அண்ணனுக்காகப் பேக்கிங் என்ற பெயரையும் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி:

நல்லது அம்மா. அடுத்த பதிப்புக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். புரி என்ற சொல்லைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.