ஹெரால்டு 1966: பிரேக், பின் ஆக்சில் இரண்டையும் மாற்றத்தான் வேண்டுமா? பட்ஜெட் 40,000 (பெங்களூர்)

காக்ஸ்டவுன்_ஹெரால்டு

வணக்கம். அப்பாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். விற்கும் எண்ணமே இல்லை, அதனால்தான் இவ்வளவு கவலை.

பிரேக்: முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. விட்டு உடனே மிதித்தால் கெட்டியாக நிற்கிறது. அழுத்திப் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. நாலு வீலும் டிரம்தான்.

பின் ஆக்சில்: போன மாதம் நந்தி மலையிலிருந்து இறங்கும்போது லேசான தூறல். வளைவில் வேகம் கூடின மாதிரி இருந்ததால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் யாரோ கையால் தூக்கி விட்ட மாதிரி எழும்பி, வால் வெளியே போய்விட்டது. பக்கத்தில் மனைவி. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. மலை அடிவாரம் வரும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

காட்டிய ஒர்க்‌ஷாப்பில், பின்னால் சேசிஸை வெட்டி வேறு வண்டியின் ஹவுசிங் ஆக்சிலும் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குழாயாக இணைப்பது), முன்னால் சின்ன கார் டிஸ்க்கும் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். 85,000 கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது 40,000. ஆக்சிலை மட்டும் முதலில் செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஜேசிரோடு_ஸ்பேர்ஸ்

டிஸ்க் போடுங்கள் சார். டிரம்மில் எத்தனை வேலை செய்தாலும் மலை இறக்கத்தில் சூடாகத்தான் செய்யும்.

சிவாஜிநகர்_பழைய_மெக்கானிக்

தம்பி, சேசிஸை வெட்ட விடாதீர்கள். ஆக்சிலைப் பற்றி முதலில் சொல்கிறேன், உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

ஹெரால்டுக்குப் பின்னால் ஸ்விங் ஆக்சில். டிஃப்ரன்ஷியல் (எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) சேசிஸில் நிலையாக இருக்கும். இரண்டு பக்கமும் ஹாஃப் ஷாஃப்ட், அதாவது சக்கரத்துக்குப் போகும் அரை அச்சு, ஒரே ஒரு கிராஸில் (மடங்கி ஆடும் மூட்டு) ஆடும், குறுக்கே ஒற்றை பட்டை ஸ்பிரிங். வளைவில் காலை எடுத்தால் கனம் முன்னால் போகிறது, பின்பக்கம் எழும்புகிறது. எழும்பும்போது சக்கரத்தின் கீழ்ப்பாகம் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும்தான் ரோட்டில் இருக்கும். உங்களுக்கு நடந்தது இதேதான். இந்தக் குணம் எல்லா ஹெரால்டுக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் காலை எடுத்ததற்கே இவ்வளவு என்றால் வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். ஸ்பிரிங்கை எப்போதாவது பட்டறையில் அடித்து நிமிர்த்தினார்களா? பின்னாலிருந்து பார்த்தால் வண்டி தூக்கலாக நிற்கிறதா?

காக்ஸ்டவுன்_ஹெரால்டு

ஆமாம் ஐயா. நாலு வருஷத்துக்கு முன்னால் பின்னால் தாழ்ந்துவிட்டது என்று அப்பா கொடுத்தார். பட்டையை அடித்து, கூடுதலாக ஒன்றும் சேர்த்தார்கள். அப்போதிலிருந்து தூக்கலாகத்தான் நிற்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிவாஜிநகர்_பழைய_மெக்கானிக்

அதுதான் தம்பி. ஹவுசிங் ஆக்சில் வண்டிக்கு ஸ்பிரிங்கை ஏற்றினால் உயரம் மட்டும் கூடும், சக்கரம் நேராகவே நிற்கும். இதற்கு ஏற்றினால் சக்கரமே சாய்கிறது. நிற்கும்போதே பாதி மடங்கி நிற்கிற காலை வளைவில் இன்னும் மடக்குகிறீர்கள்.

அளந்து பாருங்கள். சமதரையில் வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் தப்பாகக் காட்டும், சக்கரம் உருண்டால்தான் விரிந்து உட்காரும். மட்கார்டிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று பாருங்கள்.

எச்ஏஎல்_ஸ்பிட்ஃபயர்

ஐயா சொல்வது முற்றிலும் சரி. கூடவே ஒரு விஷயம். ஸ்டாண்டர்டு கம்பெனியே இந்தக் குறையை அறிந்துதான் 1972-இல் வந்த கசெல் காரில் ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு லைவ் ஆக்சில், அதாவது ஹவுசிங் ஆக்சில், போட்டார்கள். அதை ஹெரால்டில் மாற்றிப் போடலாமே என்று தோன்றும். அதற்கும் சேசிஸில் புது மவுண்டிங் அடிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள தயாரிப்பு விவரத்தை மாற்றும் வேலைகளைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதியில் 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு இடம் உண்டு, ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் 1966 வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அதை வெல்டிங் மெஷினில் இழக்காதீர்கள்.

டிஸ்க் வேண்டுமென்றால் இதே குடும்பத்திலிருந்து எடுங்கள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் பெயரில் வந்த ஹெரால்டு 12/50, 13/60, ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றுக்கும் முன்னால் டிஸ்க்தான். ஹப், டிஸ்க், பிராக்கெட், காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) எல்லாம் இன்றும் அங்கே கிடைக்கின்றன. கப்பல் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் உங்கள் பட்ஜெட் தாண்டும். அதனால் இப்போது வேண்டாம்.

காக்ஸ்டவுன்_ஹெரால்டு

அளந்துவிட்டேன். வலது பின் சக்கரத்தில் மேலே 41 மி.மீ., கீழே 59. இடதும் அப்படியே. மேல்பாகம் வெளியே சாய்ந்திருக்கிறது.

சிவாஜிநகர்_பழைய_மெக்கானிக்

18 மி.மீ. வித்தியாசம். 13 அங்குல ரிம்முக்கு அது கிட்டத்தட்ட 3 டிகிரி. இனி மழையில் இந்த வண்டியை எடுக்காதீர்கள், சரியாகும் வரை.

சேர்த்த பட்டையைக் கழற்றுங்கள். பின் சீட்டை எடுத்தால் தரையில் ஒரு மூடி இருக்கும், ஸ்பிரிங் டிஃப்ரன்ஷியல் மேல் உட்கார்ந்திருக்கும் இடம் அங்கே தெரியும். கவனம்: ஷாக் அப்சார்பர்தான் சக்கரம் கீழே தொங்காமல் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரப் பக்கம் ஜாக்கி கொடுக்காமல் அந்த ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் அடித்துக்கொண்டு இறங்கும், கை போய்விடும்.

பிறகும் தூக்கலாக இருந்தால் ஸ்பிரிங்குக்கும் டிஃப்ரன்ஷியலுக்கும் நடுவே அலுமினியக் கட்டை வைத்து, நீளமான ஸ்டட் போட்டால் பின்பக்கம் இறங்கும். லேத்தில் செய்துகொள்ளலாம். வேலையோடு வேலையாக ரேடியஸ் ராடு (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) ரப்பர் புஷ், ஹாஃப் ஷாஃப்ட் கிராஸ் இரண்டையும் மாற்றுங்கள்.

எச்ஏஎல்_ஸ்பிட்ஃபயர்

ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் நடுப்பட்டைகள் தனியாக ஆடும் ஸ்விங் ஸ்பிரிங் வந்தது. ஹெரால்டுக்கும் அதைப் போடுகிறார்கள். அதோடு முன்னால் தடிமனான ஆன்டி ரோல் பாரும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) வேண்டும். பிற்காலத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று எப்போதும் முன்னால் குறைவு, பின்னால் அதிகம். நான் 22, 26 பி.எஸ்.ஐ. வைக்கிறேன்.

சிவாஜிநகர்_பழைய_மெக்கானிக்

இப்போது பிரேக். இரண்டாவது மிதியில் கெட்டியாகிறது என்றால் ஷூவுக்கும் (டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பின் டிரம் தட்டில் சதுரத் தலை அட்ஜஸ்டர் இருக்கும். சக்கரம் பூட்டும் வரை முறுக்கி, ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். முன்னாலும் அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

இடது பக்கம் இழுத்தால் வலது பிடிக்கவில்லை என்று அர்த்தம். வலது முன் டிரம்மைத் திறந்து, வீல் சிலிண்டர் பிஸ்டன் எல்லாம் நகர்கிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸையும் நம்பாதீர்கள். வீலைத் தூக்கி, பிரேக் மிதித்து விடுங்கள். சக்கரம் இறுகியே இருந்து, ப்ளீட் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்ததும் லூசானால் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது.

அப்புறம் ஷூ மேல் சாக்பீஸ் தடவி, டிரம்மை மாட்டிச் சுற்றி, பிரேக் பிடித்துக் கழற்றுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் பிடிக்கிற இடம். இதைச் செய்யாமல் டிஸ்க் வாங்காதீர்கள்.

மலை அடிவாரத்தில் பெடல் பஞ்சானது பழைய ஆயிலால். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140-க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, 155. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள், எஞ்சின் பாதி வேலையைப் பார்க்கும்.

காக்ஸ்டவுன்_ஹெரால்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

வலது முன் வீலில் ஒரு சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. சாக்பீஸ் வைத்துப் பார்த்தால் ஷூவின் நடுவில் தீப்பெட்டி அளவுக்குத்தான் அழிந்திருந்தது, இரண்டு முனையும் வெள்ளையாகவே இருந்தன. டிரம்மை யாரோ முன்பே கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள், ஷூவை அதற்குப் பொருத்தவில்லை. தடிமனான லைனிங் ஒட்டி, டிரம் அளவுக்கே வளைவாகக் கடைந்து வாங்கினேன். ஹோஸ் நாலும் புதிது, டாட் 4 ஆயில்.

பட்டையைக் கழற்றி, ஓர் அங்குலக் கட்டை வைத்தோம். இப்போது மேல்பாகம் உள்ளே 6 மி.மீ. கிராஸ், புஷ் எல்லாம் சேர்த்து மொத்தம் 23,400 ஆனது.

பிரேக் நேராக நிற்கிறது. நேற்று தனியாக நந்தி போய் இரண்டாவது கியரில் இறங்கினேன். அதே வளைவில் வால் அசையவில்லை. 50-க்கு மேல் பின்பக்கம் வலதிலிருந்து மெல்லிய ஊஊ சத்தம் மட்டும் புதிதாகக் கேட்கிறது.

சிவாஜிநகர்_பழைய_மெக்கானிக்

ஹப் பேரிங்காக இருக்கும் தம்பி. ஹப்பில் சின்ன பிளக் இருக்கும், அதைக் கழற்றி கிரீஸ் நிப்பிள் போட்டு கிரீஸ் ஏற்றுங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் என்னிடம் வருவதைத் தவிர வேறெங்கும் ஓட்டாதீர்கள். அந்த ஹப் கூம்பு ஷாஃப்டில் கீயோடு இறுகியிருக்கும், சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் கெட்டுவிடும். என்னிடம் புல்லர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.