புதுப்பிப்பு: ஜன்னல் பள்ளத்துப் பூஞ்சையும் ஸ்டீம் கிளீனரும்

போன மழையில் எங்கள் குன்னூர் வீட்டின் ஸ்லைடிங் ஜன்னல் பள்ளத்திலும் குளியலறை டைல்ஸ் இடுக்கிலும் பூஞ்சை கருப்பாகப் படிந்தது, பிரஷ் நுழையவில்லை, ஸ்டீம் கிளீனர் வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்.

டைல்ஸ் இடுக்கு நன்றாகவே வெளுத்தது. குறுகிய மூக்கை ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் நீராவி போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. இளகிய அழுக்கை உடனே பழைய துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஜன்னலுக்குத்தான் பயந்தேன். காலையில் சில்லென்றிருக்கும் கண்ணாடியில் சூடு பட்டால் விரிசல் விடலாம். அதனால் வெயில் ஏறிய பிறகு, பள்ளத்தில் மட்டும் அடித்தேன்.

மலையில் இருப்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று: நீராவி ஈரத்தை விட்டுப் போகும். மூடுபனி நாளில் செய்தால் அது காயாது, அதே ஈரத்தில் பூஞ்சை மறுபடி வரும். வெயில் நாளாகப் பாருங்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள். சுவிட்ச் போர்டு, மெழுகு போட்ட மரத்தரை பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

மூன்று வாரமாகிறது. குளியலறையில் கருப்பு திரும்பவில்லை. ஜன்னலின் வடக்கு மூலையில் மட்டும் லேசாகத் தெரிகிறது. அடுத்த வெயிலுக்குக் காத்திருக்கிறேன்.