எஸ்டிஆர் ரிசீவரில் மாதிரிகள் தொலைந்த அனுபவங்கள்

எஸ்டிஆர் என்பது வானொலி அலையை நொடிக்குப் பல லட்சம் முறை அளந்து, அந்த அளவுகளை (மாதிரிகளை) மென்பொருளால் படிக்கும் ரிசீவர். அந்த மாதிரிகள் இடையில் தொலைந்த கதையை மூவர் தங்கள் புனைபெயர்களில் சொல்கிறார்கள்.

கோடிக்கரை:
நோவா 19 வானிலைச் செயற்கைக்கோள் இன்னும் 137.1 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். யூஎஸ்பியில் செருகும் ரிசீவரான டாங்கிள், கையளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை, வி வடிவ ஆன்டெனா. எல்லோரும் வைத்திருக்கும் அமைப்புதான். செயற்கைக்கோள் உச்சிக்கு வந்தபோது இரைச்சலே இல்லை. படம் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. மன்னார் வளைகுடா தெரியத் தொடங்கிய இடத்தில் இலங்கையின் மேற்குக் கரை சட்டென்று இடப்பக்கம் தள்ளிப்போனது. சற்றுக் கீழே மறுபடியும். டெர்மினலில், மாதிரிகள் தொலைவதைச் சொல்லும் 'ஓ' என்ற எழுத்து விழுந்துகொண்டே இருந்தது.

சிக்னல் பலவீனமாக இருந்தால் படத்தில் புள்ளிகள் விழும், கரை உடையாது. நோவா அனுப்பிய ஏபிடி முறைப் படத்தில் ஒரு வரி அரை நொடி. 50 மில்லி நொடி மாதிரிகள் தொலைந்தால், அதன்பின் வருவதெல்லாம் வரியில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். காரணம் எஸ்டி கார்டு. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகளைக் குனு ரேடியோ மென்பொருளின் மிதவைப் புள்ளி (தசம எண்) வடிவில் பதிந்தால் நொடிக்கு 19.2 மெகாபைட். கார்டின் சராசரி வேகம் அதைத் தாங்கும். ஆனால் இடையிடையே சில கணங்கள் எழுதாமல் நின்றுவிடும். 2025 ஆகஸ்டில் அந்தச் செயற்கைக்கோளையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் படம் இனி கிடைக்காது.

தம்பூரா:
எல்லாப் பழியையும் கார்டின் மீது போடுவதை நான் ஏற்கவில்லை. நான் எதையும் பதிவு செய்யவே இல்லை. எப்.எம். வானொலியில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சிபியு பாதிகூட நிரம்பவில்லை. ஆலாபனையின் நடுவே சுருதி ஒரு கணம் அறுந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை, தவறாமல்.

மாதிரி வேகத்தை நிர்ணயிக்க டாங்கிளுக்கு ஒரு படிகம், ஒலி அட்டைக்கு வேறொரு படிகம். இரண்டுக்கும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் என்றால் நொடிக்கு வரும் 48,000 மாதிரிகளில் 2.4 குறையும். 1,024 மாதிரிகளை இருப்பு வைக்கும் பஃபர் ஏழு நிமிடத்தில் காலியாகிவிடும். எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் இது தீராது. பஃபரின் நிலையைப் பார்த்து மாதிரி வேகத்தைத் துளித்துளியாக மாற்றும் ரீசாம்ப்ளர் வைத்த பிறகுதான் முழுக் கச்சேரியும் கேட்டேன்.

மின்விசிறி:
ரஷ்ய வானிலைச் செயற்கைக்கோளான மீட்டியோர் எம்2-4 அனுப்பும் எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் பட சிக்னலில், திரையில் அதன் குறியீடுகளைக் காட்டும் நான்கு புள்ளிக் கூட்டங்களும் அழகாக நின்றிருந்தன. மாதிரிகள் தொலைந்ததும் திடீரென வட்டமாகச் சுழலத் தொடங்கின. என் அனுபவம் இவ்வளவே.

நண்பர்களே, முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். மெலிந்த கேபிளில் ராஸ்பெர்ரி பை மின்னழுத்தம் இழந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80 டிகிரி வெப்பத்தைத் தொட்டாலும் அப்படியே. சிபியுவின் வேகத்தை நிர்ணயிக்கும் கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் வையுங்கள். பை 3 என்றால் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையில்தான் போகின்றன. மாதிரிகளை வலையில் அனுப்பிக்கொண்டே டாங்கிளையும் ஓட்டினால் இரண்டும் இடித்துக்கொள்ளும். வேண்டாத அலைவரிசைகளை நீக்கும் வடிகட்டியையும் கவனியுங்கள். 24 லட்சம் மாதிரிகள் என்ற முழு வேகத்தில், மாதிரிக்கு ஆயிரம் பெருக்கல் செய்யும் ஆயிரம் டேப் வடிகட்டி ஓட்டினால் நொடிக்கு 240 கோடிப் பெருக்கல்கள். முதலில் சிறிய வடிகட்டியால் வேகத்தைப் பத்தில் ஒன்றாக இறக்கிவிட்டு, கூர்மையான வடிகட்டியை அதற்குப் பின் வையுங்கள். அலைவரிசைகளை வண்ணத்தில் காட்டியபடி திரையில் ஓடும் வாட்டர்ஃபால் வரைபடத்தையும் நிறுத்திப் பாருங்கள். பலருக்கு அதுவே பெரும் சுமை.

கோடிக்கரை:
தம்பூரா ஐயா, உங்களுடையது ஒழுங்கான இடைவெளி. என்னுடையதில் எந்த ஒழுங்கும் இல்லை, கார்டு எழுதாமல் நின்ற நேரங்களோடு அப்படியே பொருந்தியது. மின்விசிறி, என் ராஸ்பெர்ரி பையில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவில்லை, மின்னழுத்த எச்சரிக்கையும் வரவில்லை. இப்போது நொடிக்கு 2.5 லட்சம் மாதிரிகள் மட்டும் எடுத்து, எட்டு பிட் வடிவிலேயே ரேமில் வைக்கிறேன். செயற்கைக்கோள் வானில் கடந்துபோகும் கால் மணி நேரப் பாஸுக்கு 450 மெகாபைட் போதும். பாஸ் முடிந்த பிறகே கார்டுக்கு மாற்றுகிறேன். மீட்டியோரை இப்படித்தான் பிடிக்கிறேன், 'ஓ' விழுவதில்லை.