பல் கூச்சத்துக்கு நோவாமின் பேஸ்ட்டா, ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட்டா? யூஸ் பண்ணவங்க சொல்லுங்க

செம்பூர்வாசி:
கொஞ்ச நாளா ஜில்லுன்னு எது பட்டாலும் உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறுது, மேல் வரிசைல ரெண்டு பக்கமும், இந்த பல்லுதான்னு காட்ட முடியல. ஆபீஸ்ல ஒருத்தர் எனாமலையே திரும்ப வளர வைக்கும்னு ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட் ஒண்ணை ஆன்லைன்ல காட்டினாரு, விலையப் பாத்தாலே பல்லு கூசுது. செம்பூர் ஸ்டேஷன் கிட்ட மெடிக்கல்ல கேட்டா நோவாமின்னு போட்ட வேற ஒண்ண எடுத்து நீட்டறான். எது வேலை செய்யும், இல்ல ரெண்டுமே விளம்பரம்தானா?

மாட்டுங்கா ராஜி:
வளர வைக்கும்ங்கறதெல்லாம் ஓவர். எனாமல்ல உயிருள்ள செல்லே கிடையாது, ஓட்டை விழுந்தா விழுந்ததுதான். மேலாக்க கரைஞ்ச இடத்துல தாதுவை கொஞ்சம் திரும்ப படிய வைக்கலாம், அவ்ளோதான். உங்களுக்கு கூசறது அநேகமா ஈறு இறங்கியோ எனாமல் தேஞ்சோ அதுக்கு அடியில இருக்கற டென்டின்ங்கற அடுக்கு வெளிய வந்துருக்கும், அதுல கண்ணுக்குத் தெரியாத குழாய்ங்க இருக்கு, ஜில்லுன்னு பட்டா உள்ள இருக்கற திரவம் நகர்ந்து நரம்பைச் சீண்டும். நோவாமின் ஒரு வகை கண்ணாடித்தூள், 1969ல லாரி ஹென்ச் எலும்போட ஒட்டறதுக்காக கண்டுபிடிச்ச பயோகிளாஸ் குடும்பம், எச்சில் பட்டதும் கால்சியம் பாஸ்பேட்டை விட்டு அந்தக் குழாய் வாயை அடைக்கும். ஹைட்ராக்ஸிஅபடைட் பல்லோட தாதுவேதான், பொடியா. ஜப்பான்ல 1993லயே சொத்தை தடுப்புக்கு ஏத்துக்கிட்டாங்க. கூச்சத்துக்கு ரெண்டும் ஓகே, ஆனா ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட் நிறையதுல ஃப்ளோரைடு இருக்காது, சொத்தை சீக்கிரம் வர்ற வாய்னா ஃப்ளோரைடை விட்டுடாதீங்க, ட்யூப் பின்னாடி படிச்சுட்டு வாங்குங்க.

தாராவி தம்பி:
இவ்ளோ செலவு எதுக்குங்க, பொட்டாசியம் நைட்ரேட் போட்ட சாதா பேஸ்ட் இருக்கே. அது குழாயை அடைக்காது, நரம்பை அமைதிப்படுத்தும், அதனால ரெண்டு மூணு வாரம் விடாம தேய்ச்சாதான் தெரியும், நாலு நாள்ல வேஸ்ட்டுன்னு தூக்கிப் போடறவங்கதான் ஜாஸ்தி. எந்த பேஸ்ட்டா இருந்தாலும் தேய்ச்சு முடிச்சு துப்புங்க, தண்ணி ஊத்தி கொப்பளிச்சா போட்ட மருந்தெல்லாம் சிங்க்லதான் போகும். அப்புறம் வெயிலுக்கு ஸ்டேஷன்ல நிம்பு பானி (எலுமிச்சை ஜூஸ்), காலா கட்டா ஐஸ் கோலான்னு புளிப்பா உள்ள தள்ளிட்டு உடனே பிரஷ் எடுக்காதீங்க, புளிப்புல எனாமல் இளகி இருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும்.

பல்லாண்டு:
பேஸ்ட்டை விடுங்க, முதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேர்ற இடத்துல நகத்தை வச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா அங்க குழி விழுந்துருக்கு, பாத்திரம் தேய்க்கற மாதிரி பிரஷ்ஷை அமுக்கி குறுக்கால இழுக்கறவங்களுக்கு வர்றது. ஆழமா இருந்தா ஃபில்லிங்தான். சூடு பட்டு வலி ரொம்ப நேரம் நிக்குது, ராத்திரி தானா வலிக்குது, கடிச்சா ஒரே பல்லுல சுளீர்ங்குதுன்னா பேஸ்ட் மாத்திட்டு இருக்காம டாக்டர்கிட்ட ஓடுங்க. பிரைவேட் கட்டுப்படி ஆகலன்னா மும்பை சென்ட்ரல்ல நாயர் டென்டல் காலேஜ் இருக்கு, காலைலயே போயிடுங்க, லைன் இருக்கும்.

செம்பூர்வாசி:
ரெண்டு பல்லுல நகம் மாட்டுதுங்க 😐 லீவு போட்டு நாயருக்கே போறேன். அதுவரைக்கும் நோவாமின் ஓகேவா?

மாட்டுங்கா ராஜி:
தாராளமா. கூசற இடத்துல விரலால கொஞ்சம் தடவியும் விடுங்க. சாஃப்ட் பிரஷ் ஒண்ணு சேர்த்து வாங்கிடுங்க.