எல்லிஸ் கவுண்டியின் கரிய களிமண்ணில் தார் டிரைவ்வே: இரண்டு மதிப்பீடுகளில் எதை ஏற்பது?

கேள்வி: வாக்சஹாச்சி வாசி

அனைவருக்கும் வணக்கம். டாலஸுக்குத் தெற்கே, டெக்சாஸின் எல்லிஸ் கவுண்டியில், வாக்சஹாச்சி ஊர் எல்லைக்குச் சற்று வெளியே ஒரு ஏக்கர் மனையில் சென்ற ஆண்டு குடியேறினோம். சாலையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை 180 அடி நீளம், 12 அடி அகலத்துக்கு முந்தைய உரிமையாளர் சரளை கொட்டி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் சக்கரம் பதிந்து சரளை சேற்றுக்குள் புதைகிறது. ஆகஸ்டு மாதத்தில் அதே இடத்தில் மண் பிளந்து, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. குடியிருப்போர் சங்கமோ நகராட்சி விதியோ எங்களைக் கட்டுப்படுத்தாததால், கான்கிரீட்டுக்குப் பதிலாகத் தார் போடலாம் என்று நினைக்கிறோம்.

இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இருக்கும் சரளையைச் சமப்படுத்தி அதன் மேலேயே 2 அங்குலத் தார்க்கலவை போட்டுவிடலாம் என்கிறார் முதலாமவர். சரளையை அகற்றி, மண்ணில் சுண்ணாம்பு கலந்து இறுக்கி, 6 அங்குலம் சுண்ணாம்புக்கல் ஜல்லி பரப்பி, அதன் மேல் 2½ அங்குலம் தார் போட வேண்டும் என்கிறார் இரண்டாமவர். அவர் கேட்கும் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இவ்வளவு செலவு செய்வது அவசியமா? கோடை வெயிலில் தார் உருகிவிடாதா? எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: கரிசல்காட்டான்

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். பதினைந்து ஆண்டுகளாக இருப்பது டெக்சாஸின் டெம்பிள் நகரில். இங்கு வந்து முதல் கோடையில் கொல்லைப்புறம் வெடித்ததைப் பார்த்தபோது, ஊர்க் கரிசலைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்களோ என்றுதான் தோன்றியது. உண்மையிலும் இரண்டும் ஒரே இனம். மண்ணியலார் இரண்டையும் வெர்டிசால் என்ற ஒரே வகுப்பில் சேர்க்கிறார்கள். இங்குள்ள கரிசலில் பேர் பெற்றது ஹூஸ்டன் பிளாக் என்ற வகை. டாலஸுக்கு வடக்கிலிருந்து சான் அன்டோனியோ வரை ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கரில் அது பரவியிருக்கிறது.

இந்தக் களிமண்ணின் நுண்தகடுகளுக்கு இடையில் நீர் புகுந்தால் அவை விலகிக்கொள்கின்றன, நீர் வெளியேறினால் நெருங்கிக்கொள்கின்றன. அதனால் பாதையின் மேல் எதைப் போட்டாலும் கீழே மண் ஆண்டுக்கொரு முறை மூச்சு வாங்கி மூச்சு விடும். வீட்டின் அடித்தளம் விரிசல் விடாமலிருக்க, கோடையில் சுவரைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு மண்ணுக்குத் தண்ணீர் காட்டும் வழக்கத்தை உங்கள் அண்டை வீட்டாரிடம் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கே அந்த நிலை என்றால், 2 அங்குலத் தார் எம்மாத்திரம்?

முதலில் ஒரு செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் வெப் சாயில் சர்வே என்ற இணையதளத்தில் உங்கள் மனையைக் குறித்து, மண்ணின் பெயரையும், ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் மண் எவ்வளவு விரிந்து சுருங்கும் என்பதைக் காட்டும் நீள்விரிவு (linear extensibility) விழுக்காட்டையும் பாருங்கள். அது 6ஐத் தாண்டினால் விரியும் தன்மை அதிகம், 9ஐத் தாண்டினால் மிக அதிகம் என்று பொருள்.

பதில் 2: ரோலர் சத்தம்

சாலைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டாவது மதிப்பீடே சரியான பாதையில் இருக்கிறது; ஆனால் அதிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு.

தார் வளையும் பொருள். கான்கிரீட் பலகையைப்போலத் தன் பலத்தால் ஒரு பள்ளத்தின் மேல் பாலமாக நிற்க அதனால் முடியாது. கீழே உள்ள ஜல்லியும் மண்ணும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அதுவும் இருக்கும். சேற்றுக்குள் பாதி புதைந்த சரளையின் மேல் 2 அங்குலம் போட்டால், முதல் ஆண்டில் அழகாக இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் குப்பை வண்டியோ சரக்கு வண்டியோ ஏறிய தடத்தில் முதலை முதுகுபோல வெடிக்கும்.

சுண்ணாம்பு மண்ணில் செய்யும் வேலை இரண்டு கட்டமானது. முதலில் அதிலுள்ள கால்சியம் களிமண் துகள்களின் மேலிருக்கும் சோடியம் முதலியவற்றை விலக்கி அந்த இடத்தைப் பிடிப்பதால், பசைபோல ஒட்டும் மண் ஓரிரு நாளில் பொலபொலவென்று உதிரும். பிறகு மண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் மெல்ல வினைபுரிந்து, சிமெண்டைப் போன்ற ஒரு பிணைப்பைப் பல வாரங்களில் உண்டாக்கும். உலர்ந்த மண்ணின் எடையில் 6 விழுக்காடு என்பது இங்கு வழக்கமான அளவு. உங்கள் பாதையில் 6 அங்குல ஆழத்துக்குக் கலக்க ஏறத்தாழ 3 டன் சுண்ணாம்பு தேவைப்படும். கலந்து, நீர் தெளித்து, குறைந்தது ஒரு நாளாவது ஊறவிட்டு, மறுபடியும் கிளறி, அதன் பின்பே உருளை ஏற்ற வேண்டும். காலையில் கலந்து மாலையில் ஜல்லி கொட்டுகிறவரை நம்ப வேண்டாம்.

கேட்கப்படாத கேள்வி சல்பேட்டைப் பற்றியது. அது இருக்குமா என்பது அடியிலுள்ள பாறையைப் பொறுத்தது. ரத்து செய்யப்பட்ட மாபெரும் துகள் மோதுகருவி என்ற இயற்பியல் ஆய்வுத் திட்டத்துக்காக உங்கள் ஊரைச் சுற்றித்தான் 1993 வரை வட்டமாகச் சுரங்கம் தோண்டினார்கள். வாக்சஹாச்சிக்கு அடியில் ஆஸ்டின் சுண்ணப்பாறை, மேற்கே ஈகிள் ஃபோர்ட் களிப்பாறை, கிழக்கே டெய்லர் களிமண் என்று மூன்று அடுக்குகளும் அந்த வட்டப் பாதையில் வந்தன. இவற்றில் ஈகிள் ஃபோர்ட்டில் ஜிப்சம் என்னும் சல்பேட் உப்பின் படிகங்கள் உண்டு. ஜிப்சமுள்ள மண்ணில் சுண்ணாம்பைக் கலந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து, நீரைச் சேர்த்துக்கொண்டு, பாதையையே மேலே தூக்கிவிடும். டெக்சாஸ் போக்குவரத்துத் துறை, பத்து லட்சத்துக்கு 3,000 பங்குக்கு மேல் சல்பேட் இருந்தால் வழக்கமான முறையில் சுண்ணாம்பு கலப்பதைத் தவிர்த்துச் சிறப்பு முறைகளைக் கையாளச் சொல்கிறது; 8,000ஐத் தாண்டினால் சுண்ணாம்பே பரிந்துரைக்கப்படுவதில்லை. உங்கள் மனை ஊருக்கு மேற்கில் இருந்தால், மண் சோதனை இல்லாமல் ஒரு மூட்டை சுண்ணாம்பையும் இறக்கவிடாதீர்கள்.

வெயிலைப் பற்றி: தார் உருகாது, இளகும். 2011ஆம் ஆண்டில் டாலஸ் பகுதியில் 71 நாட்கள் வெப்பம் 100 பாரன்ஹீட்டைத் தொட்டது. அத்தகைய பிற்பகலில் கரிய பரப்பின் வெப்பம் 60 செல்சியஸைத் தாண்டும். அதற்காகத்தான் கலவையில் ஜல்லியை ஒட்டவைக்கும் பிணைப்பானுக்குத் தரக்குறியீடு இருக்கிறது. பி.ஜி. 64-22 என்றால் பரப்பு 64 செல்சியஸ் வரை சூடேறினாலும் தாங்குமாறு தயாரிக்கப்பட்டது. வீட்டுப் பாதைக்கு டைப் டி என்ற பொடி ஜல்லிக் கலவையுடன் அது போதும், பி.ஜி. 70-22 கிடைத்தால் இன்னும் நல்லது. போட்ட முதல் கோடையில் மட்டும், நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்புவதையும் ஜாக்கியைப் பலகையில்லாமல் வைப்பதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரங்களே இந்த மண்ணில் முதலில் போகும். பாதைக்கு நடுவே மண்ணின் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரத்தில் கோடையில் காய்ந்து சுருங்கி, மழையில் ஊறி உப்பும். ஓரத்துக்கு ஓரிரு அடி உள்ளே, பாதையின் நீளவாக்கில் ஓடும் விரிசலுக்குக் காரணம் அதுதான். ஆகவே ஜல்லியைத் தாரின் விளிம்போடு நிறுத்தாமல் இருபுறமும் ஓரடி கூடுதலாகப் பரப்பச் சொல்லுங்கள். மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே ஜியோகிரிட் என்னும் நெகிழி வலையை விரித்தால் இந்த நீளவாட்டு விரிசல் வெகுவாகக் குறைகிறது என்பதை டெக்சாஸின் கிராமச் சாலைகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சல்பேட் காரணமாகச் சுண்ணாம்பு கூடாது என்றானால், அந்த வலையும் கூடுதல் ஜல்லியும்தான் உங்களுக்கு மாற்று வழி.

பதில் 3: மூன்றாம் தெரு

ரோலர் சத்தம் ஐயா சொன்னவற்றோடு, நான் ஏமாந்த கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டிய ஒருவர், பக்கத்து வேலையில் ஒரு லாரித் தார்க்கலவை மீந்துவிட்டது, ஆறுவதற்குள் உங்களுக்குப் பாதி விலையில் போட்டுத் தருகிறேன் என்றார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. கைவிரல் தடிமன்கூட இல்லாத அந்தப் பூச்சில், அக்டோபருக்குள் புல் முளைத்துவிட்டது. தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. வாசலில் வந்து விற்கும் விற்பனையைப் பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யக் கூட்டாட்சி விதி இடமளிக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும், முகவரியே இல்லாதவரிடம் எதை ரத்து செய்வது?

இரண்டாம் முறை செய்தபோது, ஒவ்வொரு லாரிக்கும் கலவை ஆலை தரும் எடைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுப்பேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டேன். உங்கள் பாதை 2,160 சதுர அடி. இறுகிய பின் 2½ அங்குலம் நிற்க வேண்டுமானால், கன அடிக்கு 145 பவுண்டு என்று கொண்டு, 32 டன்னுக்குமேல் கலவை வந்திருக்க வேண்டும். 24 டன் சீட்டைக் காட்டினால் உங்களுக்குக் கிடைத்தது 2 அங்குலம்கூட இல்லை. "2½ அங்குலம்" என்பது பரப்பும்போதா, உருளை ஏறிய பிறகா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பரப்பிய உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு உருளையில் போய்விடும்.

பதில் 4: பொறுமைசாலி

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. இவ்வளவு செலவையும் ஒரே ஆண்டில் செய்வானேன்? சுண்ணாம்பு, வலை, ஜல்லி ஆகியவற்றை இப்போது முடித்துவிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதன் மேலேயே வண்டி ஓட்டுங்கள். எங்கே அமிழ்கிறது, எங்கே நீர் தேங்குகிறது என்பதைப் பாதையே காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களைத் திருத்தி, அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்துவிட்டுத் தார் போட்டால், போட்ட தாரை வெட்டி ஒட்டுப்போடும் வேலை பெருமளவு குறையும். நான் அப்படித்தான் செய்தேன். ஓராண்டுக்குக் காரெல்லாம் வெள்ளைப் புழுதி படிந்து கிடந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தார் போட்ட ஓராண்டுக்குப் பின் மேற்பூச்சு பூசும்போது, நிலக்கரித் தார் கலந்த பூச்சை வாங்காதீர்கள். அதன் நச்சுப்பொருள் மழைநீரோடு ஓடையில் சேருவதால், அமெரிக்காவிலேயே முதல் நகரமாக ஆஸ்டின் 2006இல் அதைத் தடை செய்தது. நாம் பழக்கத்தில் தார் என்று சொல்லும் சாலைப் பொருள் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமன். இது வேறு, அது வேறு.

கேட்டவரின் மறுமொழி: வாக்சஹாச்சி வாசி

அனைவருக்கும் நன்றி. இணையதளத்தில் பார்த்தேன், எங்கள் மனை ஹூஸ்டன் பிளாக்தான், நீள்விரிவும் 9க்கு மேல். மனை ஊருக்குக் கிழக்கே இருந்தாலும், சல்பேட் சோதனைக்கு மூன்று இடங்களில் மண் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதலாமவரிடம் எடைச் சீட்டு கேட்டபோது, அதெல்லாம் பெரிய சாலைகளுக்குத்தான் என்றார், அவரை விட்டுவிட்டேன். எந்த மாதம் என்பதற்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. மேலும் பாதையோரத்தில் ஒரு பெரிய எல்ம் மரம் இருக்கிறது; அதை வெட்ட மனமில்லை.

பதில் 5: ரோலர் சத்தம்

மண் எலும்பாகக் காய்ந்திருக்கும் ஆகஸ்டில் அடித்தளம் போட்டால், குளிர்கால மழையில் அது உப்பி மேலே எழும். சேறாக இருக்கும்போது போட்டால் கோடையில் சுருங்கி அமிழும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரம் வேண்டும் என்பதால், முதல் இலையுதிர்கால மழை பெய்து மேல்மண் வடிந்தபின், அக்டோபரில் தொடங்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக வந்து, விரலில் ஒட்டாத பதம்.

மரம் தன் உயரத்தின் அளவுக்குச் சுற்றிலும் ஈரத்தை உறிஞ்சும். வெட்ட வேண்டாம்; பாதையை அந்த இடத்தில் எதிர்ப்புறமாக வளைக்க இடமிருந்தால் வளையுங்கள். இல்லையென்றால் மரத்துக்கும் பாதைக்கும் நடுவே கோடையில் அந்தக் கசிவுக் குழாயைப் போட்டு வையுங்கள்.